வாவிக்கரைத் தபால்: அன்றும் இன்றும்

சைவத் திருமுறைகள் பன்னிரண்டனுள் பதினோராந் திருமுறையைத் திறப்போர் முதலிற் காண்பது ஒரு கடிதம். மதுரைத் திருவாலவாயில் எழுந்தருளிய இறைவன், தன் அடியவனாகிய பாணபத்திரனின் வறுமையைத் தீர்க்கும்படி சேரமான் பெருமாளுக்கு எழுதியருளிய திருமுகம் அது. பாணபத்திரன் அதனைத் தானே சுமந்து மலைநாட்டுக்குச் சென்றான் என்றும், சேரமான் அதனைத் தலைமேற் கொண்டு மகிழ்ந்து தன் செல்வமெல்லாம் அவன்முன் வைத்தான் என்றும் பெரியபுராணம் கூறும். கடிதம் எழுதியவன் இறைவன், பெற்றவன் அரசன். ஆயினும், இடைவழியெல்லாம் கடந்து அதனைக் கொண்டு சேர்ப்பார் இல்லையேல் அத்திருமுகத்தால் யாருக்கு என்ன பயன்?

சென்ற ஆண்டு இக்கேள்வி என் சொந்த வாழ்விலேயே எழுந்தது. நேர்முகப் பரீட்சை ஒன்றுக்கு வருமாறு எனக்கு ஒரு கடிதம் வந்தது. வந்த நாளோ பரீட்சை முடிந்த ஒன்பதாம் நாள். அனுப்பிய கந்தோருக்கு அறிவித்தேன். உரிய காலத்தில் அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். கடிதம் தந்த கந்தோரில் விசாரித்தேன். வந்த அன்றே கொடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். இருசாராரும் மெய்யே சொல்லியிருக்கலாம். உறையின் மேற் குத்திய முத்திரை மை மங்கி வாசிக்க முடியாதபடி இருந்தது. திண்ணையில் இருந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த என் அம்மப்பா, “முந்தி என்டா மகன், கடிதம் பிந்தினா எந்த இடத்தில பிந்திச்செண்டு உறையிலேயே கிடக்கும்” என்றார்.

அவர் சொன்னது பழங்காலத்தைப் புகழும் வெறும் முதுமைப் பேச்சன்று. முன்னாளில் ஒரு கடிதத்தின் முகப்பிலே அதை அனுப்பிய கந்தோரின் முத்திரையும், முதுகிலே அது வந்துசேர்ந்த கந்தோரின் முத்திரையும் திகதியோடு குத்தப்படுவது வழக்கம். கடிதம் எக்கையிலிருந்து எக்கைக்கு எப்பொழுது மாறியது என்பதற்கு அந்த உறையே சாட்சி. இன்று அச்சாட்சி இல்லை. எங்கள் வாவிக்கரைத் தபாலின் வரலாற்றை ஆராயப் புகுந்தபோது எனக்குத் தெளிவானதும் இதுவே: தபாலின் உயிர் அதன் வேகத்தில் இல்லை, கைமாறும் இடந்தோறும் பதில் சொல்ல ஒருவர் இருப்பதிலேயே உள்ளது.

ஓட்டக்காரன் காலம்

நாம் அன்றாடம் வழங்கும் “தபாற்கந்தோர்” என்னுஞ் சொல்லே ஒரு சிறு சரித்திரம். தபால் என்பது தென்னிந்தியாவெங்கும் வழங்கிய சொல். கந்தோர் என்பது ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சொல். 1638ஆம் ஆண்டு புளியந்தீவுக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், 1795இல் அதனை ஆங்கிலேயரிடம் இழந்தனர். கோட்டை கைமாறியது, கந்தோர் என்னுஞ் சொல் மட்டும் எம்மவர் நாவிலே தங்கிவிட்டது.

ஆங்கிலேயர் காலத்தின் தொடக்கத்தில் மட்டக்களப்பு கொழும்புக்கு எவ்வளவு தூரமாயிருந்தது என்பதை இன்றைய இளைஞர் எண்ணிப் பார்ப்பதும் அரிது. யான் கல்வி பயின்றது மிஷன் பாடசாலையில். அங்கே ஒவ்வோராண்டும் வில்லியம் ஓல்ட் பாதிரியாரைப் பற்றிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். மெதடிஸ்த சபையாரின் முதற் குழுவில் வந்து 1814இல் காலியில் இறங்கிய அவர், அவ்வாண்டிலேயே மட்டக்களப்பை அடைந்து பாடசாலைகளை நிறுவினார். ஓராண்டு நிறையுமுன், 1815இல், இங்கேயே காலமானார். சுயெஸ் கால்வாய் திறக்கப்பட்டது 1869இலே. ஆகையால் அவர் எழுதிய கடிதங்கள் ஆபிரிக்காவின் தென்முனையைச் சுற்றிப் பல மாதங்கள் பயணஞ் செய்தே இங்கிலாந்தை அடைந்திருக்கும். எழுதியவர் மண்ணுக்குள் அடங்கிய பின்னும் அவர் கடிதம் கடலில் மிதந்துகொண்டிருந்த காலம் அது.

தரைவழித் தபாலைச் சுமந்தவன் ஓட்டக்காரன். தோளிலே பை, கையிலே மணி கட்டிய ஈட்டி. மணியோசை கேட்டுப் பாதையில் நிற்போர் விலகுவர். ஒருவன் தன் எல்லைவரை ஓடிச்சென்று பையை அடுத்தவனிடம் ஒப்படைப்பான். ஆங்கிலேயரின் தபால் முறையிலே பை கைமாறும் இடமும் நேரமும் குறிக்கப்பட்டன. பிந்தியவன் பிந்திய காரணத்தைச் சொல்ல வேண்டும். யானையும் கரடியும் உலாவிய காட்டுப் பாதையில், நெருப்புக் காய்ச்சல் மலிந்த நாட்டிலே, அவ்வேழை மனிதன் ஓடிய ஓட்டத்துக்கு ஈடான ஊதியத்தை அவன் பெற்றிருக்கமாட்டான். ஆயினும் அவன் சுமந்த பைக்குக் கணக்கு இருந்தது.

1832இல் கொழும்புக்கும் கண்டிக்குமிடையே தபால் வண்டி ஓடத் தொடங்கியது. ஆசியாவிலேயே இத்தகைய வண்டிச் சேவை அதுவே முதலாவது என்பர். 1857 ஏப்பிரில் முதலாந் திகதி விக்டோரியா மகாராணியாரின் தலையுருப் பொறித்த ஆறு பென்சு முத்திரை இலங்கையின் முதலாவது தபால் முத்திரையாக வெளிவந்தது. 1872இல் தபாலட்டை வந்தது. 1877இல் இலங்கை சர்வதேசத் தபாற் சங்கத்தில் உறுப்பு நாடாயிற்று. மேற்கிலும் மலைநாட்டிலும் இவ்வளவு வேகமாக முன்னேறிய தபால், கிழக்குக்கு மட்டும் மெல்ல மெல்லவே நடந்து வந்தது. கரையோரக் கப்பல்கள் மட்டக்களப்புக்கு வந்தனவாயினும் முகத்துவாரத்து மணற்றிட்டைத் தாண்டி உள்ளே நுழைய அவற்றால் இயலாது. வெளியே நங்கூரமிட்டு நிற்க, தோணியிலே பைகளை இறக்குவர். வாடைக்காற்று எழுந்து கடல் கொந்தளிக்கும் மாரியில் அதுவும் தடைப்படும்.

1928இல் மாகோவிலிருந்து வந்த புகையிரதப் பாதை மட்டக்களப்பை எட்டியபோதுதான் எமது தபாலுக்கு ஒரு நிலையான காலக்கிரமம் கிடைத்தது. கொழும்பிலே மாலையில் ஏற்றிய பை மறுநாட் காலையில் எம்மூர் நிலையத்தில் இறங்கும். இரவு வண்டியை எம் முதியோர் இன்றும் “மெயில்” என்றே சொல்லுகின்றனர். பயணிகளை ஏற்றிவந்த வண்டிக்கு அது சுமந்த கடிதப் பையாலே பெயர் வந்ததென்றால், அக்காலத்திலே கடிதத்துக்கு இருந்த மதிப்பை வேறு எதனாற் காட்டுவது?

வாவியின் இருகரை

ஆயினும் எம் நாட்டின் தபாற் கதை புகையிரத நிலையத்தோடு முடிவதில்லை. ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் வாவி எம் நாட்டை எழுவான்கரை என்றும் படுவான்கரை என்றும் இரண்டாகப் பிரிக்கிறது. எழுவான்கரையிலே தெருவும் கடையும் பெரிய பாடசாலைகளும். படுவான்கரையிலே வயலும் மாட்டுப்பட்டியும் போடியார் வளவுகளும். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரத்துக்கும் மண்டூர் முருகன் சந்நிதிக்கும் அடியார் தோணியேறிச் சென்ற அதே துறைகளாலேயே கடிதமும் சென்றது. மண்முனைத்துறை, அம்பிளாந்துறை, குறுமண்வெளித்துறை என்னும் பெயர்கள் எம்மவர்க்கு வெறும் இடப்பெயர்கள் அல்ல. காத்திருந்த காலத்தின் பெயர்கள். மண்முனையிற் பாலம் திறக்கப்பட்டது 2014இலேதான்.

துறையைத் தாண்டியபின் உப தபாற்கந்தோர். பெரும்பாலும் அது ஒரு வீட்டின் முன்னறை. ஒரு மேசை, ஒரு தராசு, ஒரு இரும்புப் பெட்டி. உப தபாலதிபர் முழுச் சம்பளம் பெறும் உத்தியோகத்தர் அல்லர். கொடுப்பனவு பெற்றுக் கடமை செய்பவர். ஆயினும் ஊருக்கு அவரே அரசாங்கம். காசுக்கட்டளையும் சேமிப்புப் புத்தகமும் தந்தியும் அவர் கையாலேயே வந்தன. எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கு மகனுடைய கடிதத்தை வாசித்துக் காட்டியவரும், அவள் கண்ணீரோடு சொன்ன மறுமொழியை எழுதிக்கொடுத்தவரும் அவரே. தந்தியென்றாற் சாவென்று அஞ்சிய அக்காலத்திலே, செய்தியை மெல்லச் சொல்லத் தெரிந்த தபாற்சேவகனை ஊரார் உறவினனாகவே மதித்தனர்.

முத்திரையும் மொழியும்

சுதந்திர இலங்கையின் முதலாவது மந்திரிசபையிலே தபால், தந்திப் பகுதிக்குப் பொறுப்பாயிருந்தவர் மன்னார்ப் பிரதிநிதியாகிய சி. சிற்றம்பலம். பின்னர் 1950களின் முற்பகுதியில் கல்குடாப் பிரதிநிதி வ. நல்லையாவும், காங்கேசன்துறைப் பிரதிநிதி சு. நடேசனும் அப்பதவியை வகித்தனர். இவ்வாறு அடுத்தடுத்துத் தமிழர் மூவர் நிருவகித்த அதே பகுதி, 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் நிறைவேறியபின் தமிழன் அந்நியனாய் நின்று படிவம் நிரப்பும் இடமாகியது.

1961இன் சத்தியாக்கிரகத்தை எம் முதியோர் மறந்திருக்க மாட்டார்கள். பெப்ரவரியில் யாழ்ப்பாணக் கச்சேரியின் முன் தொடங்கிய அவ்வறப்போர் மட்டக்களப்புக் கச்சேரிக்கும் பரவியது. ஏப்பிரில் 14ஆந் திகதி தமிழரசுக் கட்சித் தலைவர் எஸ். ஜே. வி. செல்வநாயகம் யாழ்ப்பாணத்திலே தமிழரசுத் தபாற் சேவையைத் தொடக்கிவைத்து, அதற்கென அச்சிட்ட முத்திரைகளை மக்களுக்கு விற்றார். சில நாட்களுள் அவசரகால நிலை பிரகடனமாயிற்று. தலைவர்கள் சிறை வைக்கப்பட்டனர். சட்டத்தை மறுப்பதற்கு எத்தனையோ வழிகள் இருக்கத் தபாலை ஏன் தெரிந்தனர்? தபால் நடத்துவது அரசுக்கே உரிய தனியுரிமை. ஆகவே முத்திரை ஒட்டுவது என்பது, இன்னாரை என் அரசாக ஏற்கிறேன் என்று ஒவ்வொரு குடியும் நாள்தோறும் செய்யும் சிறு ஒப்பந்தம். அந்தச் சில நாளைய சேவை ஒரு பெரிய உண்மையைக் காட்டிச் சென்றது. மக்கள் விலைகொடுத்து முத்திரை வாங்குவது கடதாசிக்காக அன்று, நம்பிக்கைக்காக.

புயலும் போரும்

1978 நவெம்பர் 23ஆந் திகதி இரவு வீசிய சூறாவளி எம்மாவட்டத்தின் தென்னையையும் கூரையையும் மட்டுமல்ல, தந்திக் கம்பிகளையும் சாய்த்தது. அதன்பின் வந்த போர்க்காலத்தில் புகையிரதம் நின்றது. தெருவெங்கும் சோதனைச் சாவடிகள் முளைத்தன. மட்டக்களப்புக்குப் புகையிரதம் மீண்டும் வந்தது 2003இலே. 2004 டிசெம்பர் 26ஆந் திகதி கடல் பொங்கி எழுவான்கரையின் ஊர்களை வாரியது.

அந்த நீண்ட இருளிலே தபாலின் அருமை தெரிந்தது. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் கனடாவிலும் அகதியாய்ச் சென்ற பிள்ளைகள் உயிரோடு இருக்கிறார்கள் என்பதற்கு ஒரே சான்று நீல நிற வான்கடிதம். என் அம்மம்மாவின் ஓலைப்பெட்டியில் அத்தகைய கடிதங்கள் இன்னும் இருக்கின்றன. ஒன்றன் ஓரம் நீரில் ஊறியிருக்கிறது. ஒன்று பிரித்துப் பார்க்கப்பட்டு மீண்டும் ஒட்டப்பட்டிருக்கிறது. எல்லாம் பிந்தி வந்தவையே. ஆயினும் வந்தன. போர் பிந்தவைத்தது, தபாற்சேவகன் கொண்டு சேர்த்தான். போர் ஓய்ந்து ஆண்டுகள் பல கழிந்து, தெருவும் பாலமும் அமைந்தபின் கடிதம் பிந்துமாயின் எதன்மேற் பழிபோடுவது?

நிருவாகம் எங்கே வழுவியது?

கைத்தொலைபேசி வந்தது, கடிதம் மறைந்தது என்று சொல்லி முடிப்பது எளிது. அது பாதி உண்மையே. மறுபாதி நிருவாகத்தில் உள்ளது. 1885இல் தொடங்கிய தபாற்கந்தோர்ச் சேமிப்பு வங்கி 1972இல் தேசிய சேமிப்பு வங்கியோடு ஒன்றாக்கப்பட்டது. 1980இல் தபால், தந்தித் திணைக்களம் இரண்டாகப் பிரிக்கப்பட்டு, வளரும் தொழிலாகிய தொலைபேசி தனியே சென்றது. அது 1991இற் கூட்டுத்தாபனமாகிப் பின்பு கம்பனியுமாயிற்று. கறவைப் பசுவைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, வண்டி இழுக்கும் கிழ எருதை மட்டும் பட்டியில் வைத்துக்கொண்டு, பால் எங்கே என்று கேட்பது போன்றது இது. இன்று தபாற் பகுதி ஆண்டுதோறும் பல நூறு கோடி ரூபா நட்டத்தில் நடக்கிறது.

கட்டணத்தையும் பாருங்கள். நெடுங்காலம் உயர்த்தத் துணியாது வைத்திருந்து, நாடு பொருளாதாரத்தில் வீழ்ந்த 2022இன் ஓகஸ்டில் 15 ரூபாவாயிருந்த சாதாரண கடிதக் கட்டணத்தை ஒரே நாளில் 50 ரூபாவாக்கினர். விலை மூன்று மடங்குக்கு மேல் ஏறியது. சேவை ஒரு படியேனும் ஏறியதா? 2018 யூனில் இரு வாரங்களுக்கு மேலும், 2025 ஓகஸ்டில் ஏறக்குறைய ஒரு வாரமும் ஊழியர்கள் வேலை நிறுத்தஞ் செய்தனர். பின்னையதற்கு மேலதிக நேரக் கொடுப்பனவும் கைவிரல் அடையாள இயந்திரமும் காரணங்களாயின. ஊழியர் பக்கத்து நியாயத்தை யான் மறுக்கவில்லை. ஆனால் வரவு நேரத்தைப் பதிவதா இல்லையா என்று மேலோரும் கீழோரும் வழக்காடிய அவ்வாரத்திலே, கடிதத்தின் வரவைப் பதிவதைப் பற்றி எவரும் வாய் திறக்கவில்லை.

பிறநாட்டு நிலையையும் நோக்குவோம். 1624 முதல் தபால் நடத்திய டென்மார்க்கிலே 2000ஆம் ஆண்டில் 140 கோடியளவாயிருந்த கடிதங்கள் 2024இல் 11 கோடியளவாகக் குறைந்தன. அந்நாட்டுத் தபாற் சேவை 2025 டிசெம்பரோடு கடிதம் கொண்டு சேர்ப்பதை நிறுத்தியது. ஆயின் அங்கே அரச ஓலைகள் பெரும்பாலும் இணையவழி வீட்டுக்கு வருகின்றன. பிரித்தானியாவிலோ வேறொரு பாடம். அங்கே 1999இலிருந்து புகுத்திய ஒரு கணனிக் கணக்கு முறையின் பிழையால், களவெடுக்காத நூற்றுக்கணக்கான உப தபாலதிபர்கள் களவெடுத்தவராய்த் தண்டிக்கப்பட்டனர். இயந்திரம் பொய் சொல்லாதென்று மேலிடம் சாதித்தது. 2024இற் பாராளுமன்றமே சட்டமியற்றி அவர்களின் குற்றத் தீர்ப்புகளை நீக்க வேண்டியதாயிற்று. பொறுப்பு மேலிருந்து கீழே தள்ளப்படும்போது நசுங்குபவன் ஊரிலுள்ள சிறிய மனிதனே.

எம் நாடோ இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கிறது. தபாலை மூடவுமில்லை, ஓடவிடவுமில்லை. நீதிமன்ற அழைப்பாணையும் வாக்காளர் அட்டையும் நேர்முகப் பரீட்சைக் கடிதமும் இன்னும் தபாலிலேயே வருகின்றன. கடிதம் அனுப்பியதோடு அரசின் கடமை தீர்ந்தது. பெறாதது உன் குற்றம் என்கிறார்கள். நகரத்துப் பிள்ளைக்குத் தொலைபேசியிற் செய்தி கிடைத்துவிடும். வெல்லாவெளிப் பக்கத்து வயலோரக் குடிசையில் இருக்கும் பிள்ளைக்குக் கடிதமே கதி. அவனுக்குக் கடிதம் ஒன்பது நாள் பிந்துவது ஒன்பது நாள் இழப்பன்று. ஒரு வாழ்க்கையின் திருப்பத்தையே இழப்பது.

நாம் செய்யத்தக்கது

குறை சொல்லிக் கலைவது இளைஞர்க்கு அழகன்று. மேலிடத்தை நாம் கேட்க வேண்டியவை மூன்றே. முதலாவது, கந்தோருக்கு வந்துசேர்ந்த திகதி ஒவ்வோர் அரச கடிதத்தின் முதுகிலும் தெளிவாகக் குத்தப்படவேண்டும். இதற்குப் புதிய செலவு யாதுமில்லை. நல்ல மையும் மனமும் போதும். இரண்டாவது, திகதி குறித்து ஆட்களை அழைக்கும் எந்தக் கந்தோரும் இரு வாரங்களுக்கு முன்பே கடிதத்தைத் தபாலிற் சேர்க்கவேண்டும். மூன்றாவது, தபாற்சேவகன் விடுமுறையில் நின்றால் அவன் தெருவை அறிந்த ஒருவரைப் பதிலாள் ஆக்கவேண்டும்.

எம் கையில் உள்ள கடமையும் ஒன்றுண்டு. படுவான்கரை ஊர்கள் பலவற்றில் வீட்டுக்கு இலக்கமில்லை. ஒரே பெயருடையோர் ஒரே தெருவில் நால்வர் இருப்பர். புதிதாய் வந்த தபாற்சேவகன் என்ன செய்வான்? எமது மன்றத்து இளைஞர் ஊருக்கு இருவராகச் சென்று, வீடு வீடாய்ப் பெயரும் அடையாளமும் எழுதிய பட்டியல் ஒன்றை அமைத்து உப தபாலதிபரிடம் கொடுத்தால் அது கோயிற் சிரமதானத்துக்குக் குறைந்த தொண்டாகாது. சென்ற தை மாதம் எங்கள் ஊரிலே மூவர் சேர்ந்து இதைச் செய்தோம். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் முடிந்தது. பட்டியலை வாங்கிய உப தபாலதிபர் அம்மையார் மேசைக்குள் இருந்து ஒரு கட்டை எடுத்துக் காட்டினார். முகவரி புரியாமல் தங்கிய கடிதங்கள் பதினொன்று. அன்று மாலையே ஏழு கடிதங்கள் உரியவர் கையிற் சேர்ந்தன.

திருவாலவாயிறைவன் எழுதிய திருமுகத்தைச் சேரமானிடம் சேர்த்தவன் கையிலே யாழ் பிடித்த ஓர் ஏழைப் பாணன். எங்கள் கையில் சைக்கிளும் பட்டியலும் உண்டு. எஞ்சிய நான்கு கடிதங்களுக்கு உரியவர்களை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.